கெபித் தெருவுக்கு வந்த ரெபெக்கா

படகு வாங்கப் போறவன் படகு முன்னால நின்னு அதை நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாது. எங்க ஊர்ல இது பால்குடிப் புள்ளைக்கும் தெரியும். விலை பேசி, தரகர் துண்டை விரிச்சு, துண்டுக்குள்ள வாங்குறவன் கையும் விக்கிறவன் கையும் விரலைப் புடிச்சு அமுக்கி, "சரி, முடிஞ்சுது"ன்னு துண்டை உதறின பிறகு நீ என்ன வேணா சொல்லிக்கோ, கொஞ்சிக்கோ, முத்தம் குடுத்துக்கோ, யாரு கேக்கப் போறா? அதுக்கு முன்னால வாயைத் தொறந்தா குறைதான் சொல்லணும். பலகை உளுத்துப் போச்சு, எஞ்சின் இருமுது, மூக்கு கோணிக்கிட்டு நிக்குது, இதை எவன் வாங்குவான்னு சொல்லணும். விலை இறங்கும்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், விலை முடியுமுன்னால நல்ல வார்த்தை கேட்ட படகு, சொன்ன ஆளு பின்னாலேயே வந்துரும்.

வந்திருக்கு. எங்க சின்ன வயசுல ஒரு வள்ளம், குடிச்சுப்புட்டு தன்னை ராசாத்தின்னு கூப்பிட்ட ஒருத்தன் பின்னாலேயே போயி, அவன் மாமியா வீட்டு வாழைத் தோட்டத்துல ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்துச்சு. கடைசியில மானம் போகுதேன்னு மாமனாரே அதை வாங்கிக் குடுத்தாரு. அதனால ரெபெக்கா என் வீட்டு வாசலுக்கு வந்து நின்னப்ப எங்க ஊர்ல யாரும் வாயைப் பொளக்கல. "வாயை அடக்க மாட்டாளே, வாங்கிக் கட்டிக்கிட்டா"ன்னுதான் சொன்னாங்க. அப்புறம் அண்ணாந்து பாத்துட்டு, "ஆனா இம்மாம் பெருசா!"ன்னாங்க.

நான் கித்தேரி. பழைய துறைமுகக் கேட்டுக்கு எதுத்தாப்புல மெஸ் வச்சிருக்கேன். மூட்டை தூக்குறவங்க, லாரிக்காரங்க, கப்பல்ல பெயிண்ட் அடிக்கிறவங்க எல்லாருக்கும் மத்தியானச் சோறு என் கையாலதான். வீட்டுக்காரர் பேரு தொம்மை, துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவுக. ஒரே மக, அவளைக் கட்டிக் குடுத்துட்டோம். இம்புட்டுதான் என் சரித்திரம். என் மெஸ் அடுப்பங்கரையில ஒரு ஜன்னல் உண்டு, அந்த ஜன்னலைத் தொறந்தா ரெபெக்கா.

ரெபெக்கா டக்கு. பெரிய கப்பல் தானாத் திரும்ப முடியாம வாய்க்கால்ல மாட்டுன மாடு மாதிரி நிக்கும் பாருங்க, அப்ப கயிறு கட்டி இழுத்துட்டு வர்ற சின்னப் படகு, அதைத்தான் நாங்க டக்குன்னு சொல்லுவோம். இப்ப வர்ற டக்கு எல்லாம் இரும்பும் கண்ணாடியுமா தகரப் பொட்டி கணக்கா இருக்கு. ரெபெக்கா அப்படி இல்ல. உடம்பு இரும்பு, ஆனா மேல சுக்கான் புடிக்கிற அறை முழுக்கத் தேக்கு. ஓரம் பூரா தேக்குச் சட்டம், வழவழன்னு, கை வச்சா விட மனசு வராது. வட்ட ஜன்னலுக்குப் பித்தளை வளையம். நடுவுல கறுப்புப் புகைபோக்கி, அதுல செவப்பா ஒரு பட்டை. இடுப்பைச் சுத்தி பழைய லாரி டயரு. மூக்கு கொஞ்சம் மேல தூக்கி, யாரையோ நீ யாருடான்னு கேக்குற மாதிரி நிக்கும். இருவத்தஞ்சு வருஷமா குழம்பைக் கிண்டிக்கிட்டே அவளைப் பாத்திருக்கேன். அவ ஒரு கப்பலை இழுத்துக்கிட்டு உள்ள வர்றப்ப எனக்கு நெஞ்சு நிமிரும். எதுக்கு நிமிரணும்? எனக்கும் தெரியாது, நிமிரும்.

அவளை விக்கப் போறதா சேதி வந்தப்ப முதலாளி தொபியாஸ் ஒண்ணும் அழுதுட்டு நிக்கல. "புது டக்கு ரெண்டு வந்தாச்சு, கிழவிக்கு எவன் டீசல் ஊத்துவான்"ன்னாரு. தரகர் சந்தியாகு தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு தினமும் ஒரு பார்ட்டியைக் கூட்டிட்டு வருவாரு. வர்றவன் எல்லாம் முறை தெரிஞ்சவன். ரெபெக்கா முன்னால நிப்பான், முஷ்டியால பலகையைத் தட்டுவான், உதட்டைப் பிதுக்குவான். "தேக்கா இது? அடுப்புலகூட வைக்க மாட்டான்." "பித்தளை பச்சை புடிச்சுப் போச்சே." "இந்த மூக்கை வச்சுக்கிட்டு இது எங்க போகும்?" அடுப்பங்கரைக்கு எல்லாம் கேக்கும். நான் கரண்டியைச் சட்டியில ணங்குணங்குன்னு அடிப்பேன், அப்பவாவது கேக்காம இருக்கட்டும்னு.

எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் வந்துச்சுன்னா, அந்த ராகம் எனக்குத் தெரியும். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப என் மாமியா அதே ராகத்துலதான் பாடுனா. நடுவீட்டுல என்னை நிக்க வச்சு, "நெறம் மட்டு. பல்லு எடுப்பு. கையைப் பாரு, காச்சுப் போய்க் கிடக்கு. உசரம் வேற, எம்மவன் பக்கத்துல நின்னா பனைமரம் மாதிரி தெரிவா." எங்க அப்பா ஒவ்வொரு குறைக்கும் ஒரு பவுன் ஏத்துனாரு. மாப்பிள்ளை தொம்மை தட்டுல வச்ச மக்ரூனைத் தின்னுக்கிட்டு இருந்தாவ. மக்ரூன் வாயில போட்டா கரைஞ்சுரும், அவுக அது கரைஞ்ச பிறகும் மென்னுக்கிட்டே இருந்தாவ, தலையை நிமித்தல. அன்னைக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லல, அதுக்கப்புறமும் சொல்லல. அடிச்சது கிடையாது, திட்டுனது கிடையாது, அதெல்லாம் சொல்லக் கூடாது. ஆனா நல்லா இருக்குன்னு ஒண்ணும் சொன்னது இல்ல, குழம்பைக்கூட.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் காயலான் கடைக்காரன் ஒருத்தன் வந்தான். அவனுக்கு ரெபெக்கா படகு இல்ல, எடை. வெட்டி இரும்பைத் தனியா, மரத்தைத் தனியா, பித்தளையைத் தனியா போட்டுருவான். இடுப்பு டயரை எட்டி உதைச்சு, "இந்தச் சனியனை வெட்டுற கூலிகூட தேறாது போலயே"ன்னான். ரெபெக்கா அப்படியே கிடந்தா, நடுவீட்டுல நிக்க வச்ச பொண்ணு கணக்கா, எதுத்துப் பேச வாய் இல்லாம. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. குழம்புக் கரண்டியோட ரோட்டைத் தாண்டிப் போனேன். அவன் முன்னால, சந்தியாகு முன்னால, தொபியாஸ் முதலாளி முன்னால, அந்தத் தேக்குச் சட்டத்துல கையை வச்சுச் சொன்னேன்:

"இவன் கிடக்கான் கழுத. நீ எவ்வளவு அழகு தெரியுமாட்டி! இந்தத் துறைமுகத்துல உன்னை மாதிரி ஒருத்தி வந்ததும் இல்ல, வரப்போறதும் இல்ல. உன் மூக்கு இருக்கே, அந்த மூக்குக்கே கோயில் கட்டலாம். உன்னை நான் வாங்கிக்கிடுதேன்."

சந்தியாகு வாயில இருந்த வெத்தலை கீழ விழுந்துருச்சு. "அடப் பாவி மகளே, என்ன காரியம் பண்ணிட்ட! இன்னும் துண்டே போடல!"

"போடாட்டி என்ன? வாய்ல வந்ததைச் சொன்னேன்"னுட்டு நான் பாட்டுக்குத் திரும்பி வந்து அடுப்பைப் பாத்தேன். குழம்பு லேசா அடிப்புடிச்சிருந்துச்சு.

மறுநாள் காலம்பற, மீன்காரி கூடையை இறக்குற நேரம், ரெபெக்கா புறப்பட்டா. பாத்தவங்க சொன்னதைச் சொல்லுதேன். கயிறைத் தானா அவுத்துக்கிட்டு, கரையேறி, துறைமுகக் கேட்டுல காவக்காரன் குனிஞ்சு பேரு எழுதிட்டு நிமிர்றதுக்குள்ள வெளிய வந்து, பெரிய ரோட்டுல இடது பக்கமா, ஒழுங்கா, யாரையும் இடிக்காம வந்திருக்கா. ரயில்வே கேட்டு சாத்தியிருந்துச்சுன்னு உப்பு லாரிக்குப் பின்னால வரிசையில நின்னு, ரயிலு போன பிறகு மத்த வண்டியோட வண்டியா நகந்து, மீன் மார்க்கெட்டைச் சுத்தி, எங்க கெபித் தெருவுக்குள்ள நுழைஞ்சு, என் வீட்டு வாசல்ல வந்து மூச்சு வாங்குற மாதிரி ஒரு தடவை புகை விட்டுட்டு நின்னுட்டா. மூக்கு மாதா சிலை வச்ச கெபிகிட்ட இருந்துச்சு, பின்பக்கம் ரேஷன் கடை வாசல்ல. அவ வந்த வழி பூரா ரோடு நனைஞ்சு கிடந்துச்சு, அந்த ஈரம் எத்தனை வெயிலுக்கும் காயல.

கெபித் தெருவுல ஒரு டக்கு நிக்குதுன்னா தெரு என்ன செய்யும்? முதல் நாள் திட்டுச்சு. ரெண்டாம் நாள் துணி காயப் போட்டுச்சு. கரண்ட் ஆபீஸ்காரன் வந்து கம்பியை உசத்திக் கட்டிட்டுப் போனான், புகைபோக்கி இடிக்குதுன்னு. மினி பஸ்ஸு வேற வழியா திரும்புச்சு. ஞானப்பூ என் பக்கத்து வீட்டுக்காரி, மாடியில குடியிருக்கா, அவ மாடியில இருந்து ரெபெக்கா மேல ஒரு பலகையைப் போட்டு அந்தப் பக்கம் எதுத்த வீட்டுக்கு நடந்தே போயி காப்பித்தூள் கடன் வாங்கிட்டு வந்தா, முன்னெல்லாம் இறங்கி ஏறணும். ஆடுக அடியில படுத்துக்கிடுச்சு. வார்டு கவுன்சிலர் அவ மேல பிறந்தநாள் பேனர் கட்ட ஆள் அனுப்புனாரு, நான் விளக்குமாத்தைக் காட்டுனேன். ரேஷன் கடைக்காரன் மண்ணெண்ணெய் வரிசையை ரெபெக்கா நிழல்ல நிக்க வச்சான், "போனாப் போகுது, இதுவாவது வசதி"ன்னான்.

எல்லாரும் எங்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணுதான். எதுக்கு?

"எதுக்குக் கித்தேரி உனக்கு டக்கு? மீன் புடிக்கப் போறியா?" "இல்ல." "சுத்துலாக்காரங்களை ஏத்துவியா?" "இல்ல." "மெஸ்ஸை அதுல நடத்தப் போறியோ?" "இல்ல." தொம்மைகூட வந்து, "ஐஸ் ஏத்தலாம், வாடகைக்கு விடலாம், அப்படி ஏதாவது சொல்லிரு, கேக்குறவங்களுக்கு ஒரு பதில் ஆச்சு"ன்னாவ.

"புடிச்சிருக்குன்னு சொன்னா போதாதா?"

"அது ஒரு காரணமா?"

"ஏன், அது காரணம் இல்லையா? எனக்குப் புடிச்சதுன்னு இந்த வீட்டுல எதையாவது வாங்கியிருக்கோமா? கட்டில் உங்க அம்மாவுக்குப் புடிச்சது. டிவி உங்களுக்கு. புள்ளைக்கு வச்ச பேருகூட உங்க அத்தைக்குப் புடிச்சது. நான் மெஸ் நடத்திச் சேத்த காசு, எனக்குப் புடிச்சதை வாங்குதேன். உங்களுக்கு என்ன நோவுது?"

அவுக பேப்பரை எடுத்துக்கிட்டாவ. வெளிய போயி ரெபெக்கா டயர் மேல சாஞ்சு நின்னு பேப்பர் படிச்சாவ. அன்னையில இருந்து தினமும் அங்கதான் நின்னு படிச்சாவ, அதையும் சொல்லணும்.

தொபியாஸ் முதலாளிக்கு வருத்தமே கிடையாது. முறைப்படி, படகு எவன் பின்னால போச்சோ அவன் வாங்கணும், இல்ல திட்டித் திருப்பி அனுப்பணும். "காயலான் கடைக்காரன் சொன்ன விலையையே குடு, எடுத்துக்கோ"ன்னுட்டாரு. சிக்கல் வேற இடத்துல இருந்து வந்துச்சு. ஊர்க் கமிட்டித் தலைவர் மனுவேல் அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. எங்க ஊர்ல பொம்பளை பேருல படகு கிடையாது, பொம்பளை காலு படகுல படவும் கூடாது, பட்டா கடலுக்கு ஆகாதாம்.

"ஏன் அண்ணாச்சி, ரெபெக்கா, எஸ்தர், சலோமி, ஆரோக்கியமாதான்னு படகுக்குப் பேரு மட்டும் பொம்பளை பேராப் பாத்து வைக்கிறிய. பேரு ஏறலாம், காலு ஏறக் கூடாதோ?"

அவரு மீசையைத் தடவுனாரு. "வாய் காட்டாத, தங்கச்சி. அதுபோக, வர்ற ஞாயித்துக்கெழமை மாதா திருவிழா. சப்பரம் கெபித் தெரு வழியாத்தான் வரணும், காலங்காலமா அப்படித்தான். உன் டக்கு நடுவுல நிக்குது. மாதா எப்படிப் போவா?"

"நான் இன்னைக்கே துண்டு போட்டு அவளைக் கடல்ல இறக்கிடுதேன்."

"யாரு துண்டு போடுவா? நான் வேண்டாம்னா சந்தியாகு போடுவானா? நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். அன்னைக்குப் பூசை முடிஞ்சு எல்லாரும் இருக்கும்போது, அது முன்னால நின்னு, நாலு குறை சொல்லு. அது வந்த வழியே போயிரும். காயலான் கடைக்காரன் காத்துக்கிட்டு இருப்பான். மாட்டேன்னா உன் மெஸ்ஸுல ஒருத்தரும் கை நனைக்கக் கூடாதுன்னு கமிட்டி சொல்லும்."

சொல்லிட்டாரு, சுளுவா. என் மெஸ்ஸு போச்சுன்னா என்கிட்ட என்ன இருக்கு? ரெபெக்காவை வாங்குற காசும் அதுலதான், எங்க கஞ்சியும் அதுலதான். வீட்டுக்கு வந்து அரிசியைக் களைஞ்சுக்கிட்டே அழுதேன். ஆமா, அழுதேன், எதுக்கு மறைக்கணும். பங்குச் சாமி வந்தாரு, நல்ல மனுசன், அவரும் தயங்கித் தயங்கி, "ஏம்மா, அதை வச்சு என்னதான் செய்யப் போற?"ன்னு கேட்டாரு.

"பாப்பேன் சாமி. தினமும் காலையில எந்திரிச்சு அவளைப் பாத்து நல்லதா ஒரு வார்த்தை சொல்லுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சாமி. அது லேசான காரியம்னு நினைக்கிறியளா? இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் அது வரல."

சாமி போறப்ப ரெபெக்காவோட பித்தளை வளையத்தை ஒரு விரலால தொட்டுப் பாத்துட்டுப் போனாரு.

அந்த வாரம் பூரா ஆம்பிளைங்க போற வர்றப்ப எல்லாம் ரெபெக்காவைக் குறை சொல்லிட்டுப் போனாங்க, எனக்குப் பழக்கிக் குடுக்குறாங்களாம். "துருப்புடிச்ச கிழவி." "ஓட்டைச் சட்டி." ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கயாவது ஒரு துண்டு பெயிண்ட் உரிஞ்சு விழும். பொம்பளைங்க தண்ணி புடிக்க வர்றப்ப நின்னு பாப்பாங்க. ஒருநாள் ஞானப்பூ குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துட்டு, ரெபெக்கா காதுல சொல்லுற மாதிரி, "உன் கலரு நல்லா இருக்கு"ன்னா. செவப்புப் பட்டை பளிச்சுன்னு ஆச்சு. ஞானப்பூ முகம் அதைவிடச் செவந்துருச்சு. மறுநாள் அவ கூட இன்னும் நாலு பேரு வந்தாளுக. என்னமோ களவு செய்ற மாதிரி ஒவ்வொருத்தியா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடிருவாளுக. வாய் பழகிப் போச்சுபோல, பொறவு குழாயடியில ஒருத்திகிட்ட ஒருத்தியும் சொல்ல ஆரம்பிச்சாளுக. "ஏட்டி, உன் சிரிப்பு நல்லா இருக்குட்டி"ன்னு ஒருத்தி சொல்ல, கேட்டவ குடம் நிரம்பி வழியுறதுகூடத் தெரியாம நின்னா.

ஞாயித்துக்கெழமை வந்துச்சு. பூசை முடிஞ்சு ஊரே கெபித் தெருவுல. சப்பரம் கோயில் வாசல்ல அலங்காரத்தோட நிக்குது. மனுவேல் அண்ணாச்சி நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. காயலான் கடைக்காரன் புதுச்சட்டை போட்டு வந்திருந்தான். சந்தியாகு என் பக்கத்துல வந்து மெதுவா, "நாலே நாலு குறை, கித்தேரி. உனக்குத் தெரியாததா? உன் மெஸ்ஸைக் காப்பாத்திக்கோ"ன்னாரு. தொம்மை கூட்டத்துல எங்கயோ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாவ, எதையோ மென்னுக்கிட்டு.

நான் ரெபெக்கா முன்னால போயி நின்னேன். சொல்லிரலாம்னுதான் போனேன். ஊர்ச்சோறு போச்சுன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுப்பைப் பத்த வைப்பேன்? வாயைத் தொறந்து, "உன் தேக்கு வெடிச்சுப் போச்சு"ன்னேன்.

ரெபெக்கா நடுங்கிட்டா. இரும்பு உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். அப்படியே ஒரு அடி பின்னால போனா. கூட்டம் கை தட்டுச்சு. அப்பத்தான் என் காதுல விழுந்துச்சு, என் வாயில இருந்து வந்த ராகம். என் மாமியா ராகம். அப்படியே அச்சு அசலா, இழுவைகூட மாறல. முப்பது வருஷத்துக்கு முன்னால நடுவீட்டுல நின்னவ இப்ப எதுத்தாப்புல நின்னு அதையே பாடுதா, த்தூ!

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு, இன்னும் மூணு"ன்னாரு மனுவேல் அண்ணாச்சி.

நான் திரும்பினேன். "சொல்ல மாட்டேன். மெஸ்ஸுல கை நனைக்க வேணாம்னா போங்க, பட்டினி கிடங்க, அப்பத் தெரியும் கித்தேரி குழம்பு. வெடிச்சிருந்தா என்ன? வெடிச்ச தேக்குல நான் எண்ணெய் தேய்ப்பேன். நீங்க எல்லாரும் பொண்ணு பாக்கப் போயி குறை சொல்லிக் குறை சொல்லித்தானே எங்களை எல்லாம் சல்லிசா வாங்குனிய? ஒருத்தியும் ஒரு நல்ல வார்த்தை கேக்காமத்தானே உங்களுக்கு ஆக்கிப் போட்டு, பெத்துப் போட்டு, தேஞ்சு போனோம்? இவளை நான் அப்படி விட மாட்டேன்." சொல்லிட்டு ரெபெக்கா பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோட்டி. நீ ராணி. வா, போவோம்"னு டயர்ல காலை வச்சு ஏறிட்டேன்.

ஏறுனதும் ஊர்ல ஒரு சத்தம் கிளம்புச்சு பாருங்க, இடி விழுந்தாக்கூட அப்படிக் கத்த மாட்டாங்க. கடல் ஒண்ணும் வத்திப் போகல. ரெபெக்கா ஒரு தடவை கூவுனா, மெதுவா மூக்கைத் திருப்புனா, கடற்கரைப் பக்கம் நகந்தா. ஆம்பிளைங்க ரெண்டு பக்கமும் ஓடி வந்து கத்துனாங்க, "ஓட்டைச் சட்டி! கிழட்டுச் சனியன்! முங்கிப் போயிருவ!" அவ தயங்குனா, நின்னா, பெயிண்ட் பொலபொலன்னு உதிருது. எனக்கு உயிரே போச்சு. அப்ப மாடியில இருந்து ஞானப்பூ குரல் கேட்டுச்சு, முன்ன மாதிரி ரகசியமா இல்ல, தெரு முழுக்கக் கேக்குற மாதிரி: "உன் நடை நல்லா இருக்குட்டி ரெபெக்கா!" அடுத்த வாசல்ல இன்னொருத்தி, "உன் புகைபோக்கியைப் போல உண்டா!" அப்படியே வாசலுக்கு வாசல், முக்காட்டைக் கூட இழுத்து விடாம, கையில கரண்டியும் புள்ளையுமா நின்னு கத்துனாளுக, நீ அழகு, நீ பலசாலி, நீ எங்க தெருவுக்கே பெருமைன்னு, யாரைப் பாத்துச் சொல்லுதாளுகன்னே தெரியல, ரெபெக்காவையா, என்னையா, ஒருத்தியை ஒருத்தியா, எல்லாம் ஒண்ணாக் கலந்து வந்துச்சு, அந்தச் சத்தத்துல ஆம்பிளைங்க சொன்ன குறை ஒண்ணும் கேக்கல, ரெபெக்கா தலையைத் தூக்கிக்கிட்டு தெருவைத் தாண்டி, பூவரச மரத்தைத் தாண்டி, மணல்ல இறங்கி, தண்ணியில மூக்கை வச்சா.

அப்பத்தான் பின்னால இருந்து, "கித்தேரி! நில்லு!"ன்னு ஒரு குரல். தொம்மை. ஓடி வாறாவ. வேட்டி ஒரு கையில, ஒரு செருப்பைக் காணோம், மூச்சு இரைக்குது. ஊரே அவுகளுக்குப் பின்னால. மனுவேல் அண்ணாச்சி கத்துறாரு, "சொல்லுப்பா தொம்மை, நல்லதா ஒரு வார்த்தை சொல்லு, பின்னால வந்துருவா!"

அவுக தண்ணி ஓரத்துல நின்னு என்னை அண்ணாந்து பாத்தாவ. "கித்தேரி, நீ... உன் குழம்பு நல்லா இருக்கும்." அலை வந்து வேட்டியை நனைச்சுது. "உன் கண்ணு நல்லா இருக்கும். உசரம்... உன் உசரம் எனக்குப் புடிக்கும். அன்னைக்கே புடிச்சுது."

நான் என் காலைப் பாத்தேன். உள்ளுக்குள்ள ஒரு ஆசை, நகரட்டும்னு. நகரல. எப்படி நகரும்? விலை முடிஞ்ச பிறகு சொல்லுற புகழ்ச்சிக்குச் சக்தி கிடையாது, எங்க ஊருக்கே தெரிஞ்ச முறைதானே. என் விலையை எங்க அப்பாவும் மாமியாவும் அன்னைக்கே பேசி முடிச்சாச்சு. அதைத்தான் சொன்னேன். "லேட்டாச் சொல்லுதிய. துண்டை உதறி முப்பது வருஷம் ஆச்சு."

அவுக முகம் சுருங்கிப் போச்சு. ஒத்தைச் செருப்போட, வேட்டி நனைஞ்சு, அலை காலை அடிக்க நின்னாவ. எனக்குப் பாவமா இருந்துச்சு. பாவம் மட்டும் இல்ல, இம்புட்டு தூரம் எனக்காக இந்த மனுசன் ஓடி வந்ததை நான் பாத்ததே இல்ல, அது கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. உள்ளதைச் சொன்னேன்:

"ஆனா நீங்க ஓடி வந்த ஓட்டம் நல்லா இருந்துச்சுங்க."

அவுகளுக்குத்தான் யாரும் துண்டு போட்டு விலை முடிக்கலையே, அவுக கால் தானா நகந்துச்சு. முதல்ல கணுக்கால் தண்ணி, அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. அவுகளுக்கே பயம். "கித்தேரி, என் காலு!"

"தெரியுது. டயரைப் புடிச்சு ஏறுங்க."

ஏறுனாவ.

மாதா சப்பரம் அன்னைக்கு ஒரு தட்டும் தடங்கலும் இல்லாம கெபித் தெரு வழியாப் போச்சு. மெஸ்ஸுக்கு மூணாம் நாளே கூட்டம் வந்துச்சு, மனுவேல் அண்ணாச்சி வீட்டுக்குப் பார்சல் போச்சு, யாரு வாங்கிட்டுப் போனாங்கன்னு நான் கேக்கல. தொபியாஸ் முதலாளிக்குப் பணத்தை எண்ணிக் குடுத்துட்டேன். ஆனா சந்தியாகு துண்டோட வந்தப்ப நான் கையை நீட்டல. இன்னைக்கு வரைக்கும் நீட்டல. அவரு மாசத்துக்கு ஒருக்க வந்து, "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா, விலையை முடிச்சுரு கித்தேரி"ம்பாரு. அவருக்கு ஒரு மீன் பொரிச்சதை வச்சு அனுப்பிடுதேன். ரெபெக்கா உப்பாத்து முகத்துவாரத்துல கயிறு கட்டாமலே நிக்கா. நான் நல்ல வார்த்தை சொன்னா வாறா, இல்லாட்டி அவ பாட்டுக்கு இருக்கா. அவளை நான் வாங்கல. அவ என்கூட இருக்கா.

சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் அவ மேல உக்காந்திருப்போம். தொம்மை இப்ப தினமும் ஏதாவது ஒண்ணு சொல்லுதாவ. முதல்ல குழம்பு, அப்புறம் கை, அப்புறம் நான் ஊரை எதுத்து நின்ன நிலை. ஒண்ணுத்துக்கும் என் காலு அசையல, அவுகளும் விடல. நேத்து தேக்குச் சட்டத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன், அவுக என்னைப் பாத்து, "நீ சும்மா இருக்குறதே நல்லா இருக்கு கித்தேரி"ன்னாவ. என் வலது கால் கட்டைவிரல் லேசா அசைஞ்சுது. நான் அவுககிட்ட சொல்லல. இன்னும் கொஞ்ச நாள் சொல்லட்டும்.